வழிகாட்டும் கருவி: எதை வாங்குவது, எதை நம்புவது?

கேளம்பாக்கம் கூட்டுச் சாலையில் நின்றால் இரண்டு உலகங்கள் கண்ணில் படும். வடக்கே சிறுசேரியின் கண்ணாடி மாளிகைகள். கிழக்கே உப்பளமும் உப்பங்கழியும், அவற்றுக்கு அப்பால் கோவளத்துக் குப்பமும். அங்கே கணினித் திரையைப் பார்த்து உழைப்பவன். இங்கே கடலலையைப் பார்த்து உழைப்பவன். இந்த இருவரும் ஒரே தேநீர்க் கடையில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

“ஜி.பி.எஸ். கருவி ஒண்ணு வாங்கணும் அண்ணே, எது நல்லது?” என்று தொடங்கினார் கோவளத்துத் தோழர். அவருடைய தம்பி வளைகுடா நாட்டுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறான். அவனுக்கு ஒன்று, தம்முடைய ஃபைபர் படகுக்கு ஒன்று. பக்கத்திலிருந்த மென்பொருள் ஊழியரோ விடுமுறையில் மலையேறப் போகிறவர். அவருக்கும் ஒன்று வேண்டுமாம்.

‘கட்சி ஏட்டுக்கு இது என்ன வேலை? கொள்கை பேச வேண்டிய இடத்தில் கடைச் சரக்கைப் பேசலாமா?’ என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்வோம்: உழைப்பவன் கையில் எந்தக் கருவி இருக்கிறது, அது அவனுக்கு ஊழியம் செய்கிறதா, அவனை ஊழியனாக்குகிறதா என்பதைவிடப் பெரிய கொள்கைக் கேள்வி எது? ஏர் யாருடையது என்று கேட்டோம். தறி யாருடையது என்று கேட்டோம். வானத்திலிருந்து வழிகாட்டும் கருவி யாருடையது என்று மட்டும் கேட்காமல் விடலாமா?

ஆயிரக்கணக்கில் விலை கேட்கப்படும் பொருள் இது. தவறாக வாங்கினால் போவது பணம் மட்டுமல்ல. நடுக்கடலில் உயிரே போகலாம். ஆகவே விவரமாகவே பேசுவோம்.

வானத்து மணிக்கூண்டுகள்

இந்தக் கருவி செய்வது மந்திரமல்ல, கணக்கு. தரையிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் அணுக் கடிகாரம். ‘இப்போது மணி இன்னது, நான் இருக்குமிடம் இன்னது’ என்று ஒவ்வொரு கோளும் வானொலி அலையில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் கையிலுள்ள கருவி அதைக் கேட்கிறது. அலை வந்துசேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்து, அந்தக் கோள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. நான்கு கோள்களின் குரல் கேட்டால் போதும்; நிற்குமிடம், உயரம், நேரம் மூன்றும் தெரிந்துவிடும்.

அந்த அலை வினாடிக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் பாய்வது. ஒரு வினாடியைப் பத்து இலட்சம் கூறு போட்டு, அதில் ஒரு கூறு பிசகினாலும் தரையில் 300 மீட்டர் பிசகும். கோளிலுள்ள கடிகாரமோ தரைக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 கூறு முந்தி ஓடும் என்பது ஐன்ஸ்டீன் வகுத்த கணக்கு. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிழை வந்துவிடும். படகின் முகப்பில் எலுமிச்சம்பழம் கட்டுவது அவரவர் விருப்பம். ஆனால் கரைக்கு வழிகாட்டுவது எலுமிச்சம்பழமல்ல, ஐன்ஸ்டீன் என்பதை மறக்க வேண்டாம்!

இந்த ஏற்பாட்டை அமைத்தது யார்? அமெரிக்க இராணுவம். முதல் கோள் 1978-இல் ஏவப்பட்டது. 1983 செப்டம்பர் 1-ஆம் நாள், வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த தென்கொரியப் பயணி விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பிறகுதான் இந்த வசதியைப் பொதுமக்களுக்கும் தருவதாக அமெரிக்கா அறிவித்தது. தந்தார்களே, முழுமையாகத் தந்தார்களா? இல்லை. துல்லியமான கணக்கைத் தங்கள் படைக்கு வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே பிழை கலந்ததை ஊருக்கு ஊற்றினார்கள். நூறு மீட்டர்வரை தவறு காட்டும் அந்தக் கலப்படத்தை 2000-ஆம் ஆண்டு மே மாதம்தான் நிறுத்தினார்கள். கொடுத்தவன் நிறுத்தவும் முடியும், கலக்கவும் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அளந்தவன் ஆண்டான்

இந்தப் பாடம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. கேளம்பாக்கத்திலிருந்து வடக்கே வெகு தூரம் போக வேண்டாம். பரங்கிமலைக்குப் போனால் போதும். 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் அங்கேதான் வில்லியம் லாம்ப்டன் என்ற வெள்ளைக்காரப் படை அதிகாரி நூறடி இரும்புச் சங்கிலியைப் பிடித்து நிலத்தை அளக்கத் தொடங்கினார். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம்வரை ஏழரை மைல். அந்தக் கோட்டில் தொடங்கி முக்கோணம் முக்கோணமாக இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் இமயம்வரை அளந்து முடித்தார்கள். மூன்றாண்டுகளுக்கு முன்னர்தான், 1799-இல், திப்புவை வீழ்த்தியிருந்தது கும்பினி. வென்ற நாட்டை அளந்தால்தானே வரி போட முடியும், படை நடத்த முடியும்?

சங்கிலியைச் சுமந்தவன் தமிழன்; காட்டை வெட்டியவன் தமிழன்; வெயிலில் கூடாரத்தைத் தூக்கி நடந்தவன் தமிழன். படமோ துரையின் பெட்டிக்குள்! வெள்ளையன் போன பிறகாவது படம் மக்கள் கைக்கு வந்ததா? பல வரைபடங்கள் நெடுங்காலம் கட்டுப்பாட்டுக்குள்ளேயே இருந்தன. 2021 பிப்ரவரியில்தான் வரைபடத் தகவல்களுக்கான விதிகளை ஒன்றிய அரசு பெருமளவு தளர்த்தியது.

அளப்பவன் ஆள்கிறான் என்றால், ஆளப்படுகிறவன் செய்ய வேண்டியது என்ன? தானும் அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்! இதுதான் நம் கருத்து. இந்தக் கண்ணோடுதான் கடைக்குள் நுழைய வேண்டும்.

செல்போன் போதாதா?

‘கையில் செல்போன் இருக்க, தனிக் கருவி எதற்கு?’ என்பது முதற் கேள்வி. நியாயமான கேள்விதான். செல்போனுக்குள்ளும் இதே கருவி அடங்கியிருக்கிறது. கோபுரத்துச் சிக்னல் இல்லாத இடத்திலும் அது இருப்பிடத்தைக் காட்டும். ஏனெனில் அது கேட்பது வானத்துக் கோள்களின் குரலை. ஆனால் படம் வராது! படம் இணையத்தின் வழியே வருவது. ஆகவே போகுமிடத்துப் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாடு போய் நகரத்துக்குள் சுற்றுகிறவருக்கு, பேருந்தும் தங்குமிடமும் தேடுகிறவருக்கு, இது போதும். அவர் தனிக் கருவிக்குப் பணம் கொட்டத் தேவையில்லை. விற்பவர் சொல்லமாட்டார், நாம் சொல்கிறோம்.

கடலுக்கும் காட்டுக்கும் போகிறவர் நிலை வேறு. ஈரக் கையால் தொட்டால் செல்போன் திரை திக்குமுக்காடும். உச்சி வெயிலில் திரை மங்கும். மின்கலம் ஒரே நாளில் தீரும். உப்புநீர் புகுந்தால் அதோடு சரி. வழிகாட்டும் பொறுப்பையும் உதவிக்கு அழைக்கும் பொறுப்பையும் ஒரே கருவியின் தலையில் சுமத்தினால், அது அணையும்போது இரண்டும் சேர்ந்து அணைந்துவிடும். அதனால்தான் அவர்களுக்குத் தனிக் கருவி.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

ஒன்று: நீர். ‘ஐ.பி.எக்ஸ். 7’ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் நீர் புகாது என்பது அதன் பொருள். நீர் புகாதது எல்லாம் மிதப்பதுமல்ல. கார்மின் நிறுவனத்தின் இ-ட்ரெக்ஸ் வகை நீரைத் தாங்கும். ஆனால் கடலில் விழுந்தால் மூழ்கும். அதே நிறுவனத்தின் ஜி.பி.எஸ்.மேப் 79 மிதக்கும். மலைக்குப் போகிறவருக்கு முன்னது போதும். படகில் போகிறவர் மிதப்பதை வாங்கட்டும். அல்லது கயிற்றால் உடம்போடு பிணைத்துக்கொள்ளட்டும்.

இரண்டு: உணவு. கருவிக்கு உணவு மின்சாரம். ஊர்ப் பெட்டிக்கடையில் கிடைக்கும் சிறு பேட்டரிகளைப் போட்டு இருபது மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறதா, அல்லது மின்னூட்டினால்தான் ஓடுமா? இரண்டு மூன்று நாள் கரை காணாதவர்க்கும் காட்டில் தங்குகிறவர்க்கும் மாற்றிப் போடும் பேட்டரியே துணை. உடன் ஒரு மாற்றுச் சோடி, நீர் புகாத உறைக்குள்.

மூன்று: பொத்தான். வழவழப்பான திரையைத் தேய்ப்பது கடைக்குள் அழகாகத்தான் இருக்கும். வலை இழுத்த கைக்கும், கையுறை போட்ட கைக்கும், நடுங்கும் கைக்கும் அழுத்திப் பார்க்கும் பொத்தானே கேட்கும்.

நான்கு: திரை. கடையின் குளிர்ந்த அறையில் பார்த்து மயங்காதீர்கள். வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பாருங்கள். மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

ஐந்து: எத்தனை நாட்டுக் கோள்களின் குரல் அதற்குக் கேட்கும்? அமெரிக்காவின் ஜி.பி.எஸ். மட்டுமா? ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ, இந்தியாவின் நாவிக் ஆகியவற்றையும் கேட்குமா? ஒன்றையே நம்புவதைவிடப் பலவற்றைக் கேட்பதே மேல். மரமடர்ந்த பள்ளத்தாக்கில் இது மிகவும் உதவும்.

ஆறு: நினைவு. போன வழியை வரைந்து வைத்து, அதே வழியில் திருப்பி அழைத்து வருமா? வேண்டிய இடத்தைக் குறித்து வைக்க முடியுமா? ஓர் எல்லையை நெருங்கினால் ஒலி எழுப்புமா? படகுக்கு வாங்குகிறவர்க்கு இந்த ஒலி மிகமிக அவசியம்.

ஏழு: பழுது. பழுதானால் சென்னையிலேயே பார்ப்பார்களா? வெளிநாட்டில் மலிவாக வாங்கி வந்த கருவிக்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா? வாங்கும் முன்பே கேட்டு, எழுத்தில் பெறுங்கள்.

இந்த ஏழுக்கும் விடை கிடைத்த பின்னர் வண்ணத்தையும் வடிவத்தையும் பாருங்கள். சென்னையில் ஒரு கடையில் நம் கோவளத்துத் தோழரிடம் அரை மணி நேரம் வண்ணத்தைப் பற்றியே பேசினார்களாம். ‘மிதக்குமா?’ என்று இவர் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டதாம்!

புள்ளியைப் படிக்கும் கலை

கருவியை வாங்கிவிட்டால் போதாது. அது சொல்வதைப் படிக்கத் தெரிய வேண்டும். கோவளம் ஏறத்தாழ வடக்கே 12 பாகை 47 கலை, கிழக்கே 80 பாகை 15 கலையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 60 கலை; ஒரு கலைக்கு 60 விகலை. இவற்றைத்தான் டிகிரி, நிமிடம், வினாடி என்கிறோம். வடக்கு தெற்காக ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர்.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ‘12 டிகிரி 47.50 நிமிடம்’ என்று ஒருவர் எழுதிக் கொடுக்கிறார். மற்றவர் அதை ‘12 டிகிரி 47 நிமிடம் 50 வினாடி’ என்று பதிகிறார். இரண்டும் ஒன்றா? இல்லவே இல்லை. 47.50 நிமிடம் என்றால் 47 நிமிடம் 30 வினாடி. இருபது வினாடி வேறுபாடு கடலில் அறுநூறு மீட்டருக்கு மேல்! பார் என்று போனால் வெறும் மணல். வலை என்று தேடினால் வெறும் நீர். உதவிக்கு வரும் படகும் இப்படித்தான் தவறான இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு குப்பத்தில் எல்லோரும் ஒரே முறையில் எழுதுவது என்று பேசி முடிவு செய்யுங்கள்.

பழைய இந்திய வரைபடத்தைப் பயன்படுத்துகிறவர்க்கு இன்னோர் எச்சரிக்கை. அவை லாம்ப்டனுக்குப் பின் வந்த எவரெஸ்ட் துரையின் கணக்கில் வரையப்பட்டவை. இன்றைய கருவிகள் பேசுவதோ ‘டபிள்யூ.ஜி.எஸ். 84’ என்ற உலகக் கணக்கு. நம் வட்டாரத்தில் இரண்டுக்கும் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். படத்தின் ஓரத்தில் என்ன கணக்கு என்று அச்சிட்டிருக்கும். பார்த்து, கருவியிலும் அதையே வையுங்கள்.

வாங்கிய மறுநாளே ஒரு சோதனை செய்யுங்கள். கரையில் படகு நிறுத்துமிடத்தைக் குறித்துக்கொண்டு, மூன்று கிலோமீட்டர் சுற்றி வந்து, கருவி சொல்லும் வழியில் திரும்புங்கள். பத்துத் தடவை செய்யுங்கள். இருட்டில் ஒரு தடவை செய்யுங்கள். அதன் பிறகு கடலுக்கும் காட்டுக்கும் எடுத்துப் போங்கள்.

கேட்கும் கருவி வேறு, பேசும் கருவி வேறு

இதை ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம், குறிப்பாக வெளிநாடு போய் வருகிறவர்கள். நாம் இதுவரை பேசியது கேட்கும் கருவி. அது எவருக்கும் எதையும் அனுப்பாது. இன்னொரு வகை உண்டு: செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புவது, பேசுவது. துரையா, இரிடியம் தொலைபேசிகளும், கார்மின் இன்ரீச் போன்ற செய்திக் கருவிகளும் அந்த வகை. இவற்றை அரசின் அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் இதற்காகக் காட்டப்பட்டு வந்தவை. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் இப்படிப்பட்ட செய்திக் கருவியோடு பிடிபட்டார். அவர் நாட்டில் அது மலையேறுவோர் பையில் சாதாரணமாகக் கிடக்கும் பொருள், இங்கே வழக்கு!

வளைகுடாவில் துரையா தொலைபேசி புழக்கத்தில் இருக்கிறது. ‘ஊருக்குப் போகும்போது அண்ணனுக்கு ஒன்று’ என்று வாங்கி வந்து சிறைக்குள் போக வேண்டாம். பெட்டியின் மேல் ‘செய்தி அனுப்பும்’, ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று எழுதியிருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள். சட்டம் காலத்துக்கு ஏற்றதா, உயிர் காக்கும் கருவிக்கு எளிய உரிமம் ஏன் தரக்கூடாது என்று கேட்பது நம் உரிமை. கேட்போம். ஆனால் கேள்விக்கு விடை வரும்வரை ஏழை மீனவன் வழக்கில் சிக்கக் கூடாது.

கடல் கடந்து வேலைக்குப் போகிறவர்க்கு

வளைகுடாவில் முதலாளியின் படகில் மீன்பிடிக்கப் போகும் தமிழன், எல்லை தாண்டினான் என்று அடுத்த நாட்டுக் கடற்படையிடம் அகப்படும் செய்தி நமக்குப் புதிதல்ல. படகை ‘அங்கே போ’ என்றவர் கரையில் இருப்பார். அகப்படுகிறவன் படகில் இருப்பவன். படகிலுள்ள கருவி முதலாளியுடையது. ஆகவே தம்பிமார்களுக்கு நாம் சொல்வது: உன்னிடமும் ஒன்று இருக்கட்டும். எந்த நாட்டுக் கடலில் நிற்கிறாய் என்பதை நீயே தெரிந்துகொள். ஒவ்வொரு நாளும் நின்ற இடத்தைத் தாளில் எழுதி வை. நாளை வழக்கு வந்தால் உனக்காகப் பேசப்போவது அந்தத் தாள்தான். போகும் நாட்டில் எந்தக் கருவிக்கு என்ன சட்டம் என்பதைப் புறப்படுமுன் கேட்டறிந்து போ.

இன்னொன்று. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்டபோது, ஹார்முஸ் நீரிணைப் பக்கம் கப்பல்களின் கருவிகள் குழம்பிப்போயின. கடலில் நிற்கும் கப்பல் தரையில் நிற்பதாகக் காட்டிற்று. காரணம், கோள்களின் மெல்லிய குரலைத் தரையிலிருந்து எழுப்பும் பெருங்கூச்சல் அமுக்கிவிடும்; பொய்க் குரல் கொடுத்து ஏய்க்கவும் முடியும். ஆகவே எவ்வளவு விலை உயர்ந்த கருவி வாங்கினாலும், உடன் ஒரு காந்த ஊசிக் காம்பஸ் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பேட்டரி வேண்டாம். எந்த வல்லரசின் தயவும் வேண்டாம்.

இடம் தெரிந்தும் மாண்டவர்கள்

இனி, கருவியால் ஆகாததையும் சொல்லியாக வேண்டும்.

2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் குமரி மாவட்டத்து மீனவர்களை நூற்றுக்கணக்கில் பலிகொண்டது. அவர்கள் படகுகளில் வழிகாட்டும் கருவி இல்லாமலா இருந்தது? ஆழ்கடலுக்குப் போகும் படகுகளில் இருந்தது. தாங்கள் நிற்குமிடம் அவர்களுக்குத் தெரியும். தங்களை நோக்கிப் புயல் வருவதுதான் தெரியாது! எச்சரிக்கை கரையோடு நின்றுபோயிற்று. 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் சென்னையிலிருந்து போன இளைஞர்களும் உண்டு. எங்கே இருக்கிறோம் என்பதைக் கருவி சொல்லும். எங்கே போகக்கூடாது என்பதை ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

ஓகிக்குப் பின், 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற கருவி வந்தது. நடுக்கடலிலும் புயல் எச்சரிக்கையைச் செயற்கைக்கோள் வழியே பெறும் கருவி. அபாய அறிவிப்புக் கருவி ஒன்றை இஸ்ரோ முன்னரே செய்திருந்தது. அதன் இரண்டாம் தலைமுறை 2024 ஜனவரியில் வந்தது. ‘உன் செய்தி கிடைத்தது, உதவி வருகிறது’ என்று படகுக்குப் பதிலும் தருவது அது. ஒரு இலட்சம் மீன்பிடிப் படகுகளில் 364 கோடி ரூபாய் செலவில் இருவழிச் செய்திக் கருவி பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30-ஆம் நாள் ஒன்றிய அரசு தொடங்கிவைத்தது.

வரவேற்கிறோம். வரவேற்றுக்கொண்டே கேட்கிறோம்: நெம்மேலியிலும் கோவளத்திலும் கரையிலிருந்து புறப்படும் சின்ன ஃபைபர் படகுக்கும் அது வந்துசேருமா? கருவியின் திரை தமிழில் பேசுமா? பயிற்சி குப்பத்துக்கு வருமா, அல்லது மீனவன் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டுமா? அது மீனவனைக் காக்கும் கயிறாக இருக்குமா, கட்டிவைக்கும் கயிறாக மாறுமா? கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

நாவிக் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்வோம். நமக்கு வடக்கே சிறீஅரிக்கோட்டாவிலிருந்து 2013 ஜூலையில் முதற் கோள் பறந்தது. 2016 ஏப்ரலில் ஏழு கோள்கள் ஆயின. பின்னர்ச் சிலவற்றில் அணுக் கடிகாரங்கள் பழுதாயின. அவை வெளிநாட்டில் வாங்கியவை. 2017 ஆகஸ்டில் ஏவியது வீணாயிற்று. 2023 மே மாதம் உள்நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரத்தோடு ஒரு கோள் ஏறிற்று. 2025 ஜனவரியில் ஏவிய அடுத்த கோள் உரிய பாதையை எட்டவில்லை. இதைச் சொல்வது இழிவுபடுத்த அல்ல. அறிவியலில் தோல்வி மறைக்க வேண்டிய குற்றமன்று. படிக்க வேண்டிய பாடம். ஆனால் நாவிக் ஒன்றையே நம்பிப் படகேறும் நாள் இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்று விரும்புகிறோம். அதுவரை பல குரல் கேட்கும் கருவியையே வாங்குங்கள்.

எல்லையைக் காட்டும், நீதியைக் காட்டாது

‘மீனவர்க்கு ஜி.பி.எஸ். கொடுத்துவிட்டோமே, இன்னும் ஏன் எல்லை தாண்டுகிறார்கள்?’ என்று கேட்கும் கனவான்கள் இருக்கிறார்கள். குளிர்ந்த அறையில் பிறந்த கேள்வி அது! பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கோடு கிழித்தவை 1974-ஆம் ஆண்டு, 1976-ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள். தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்தவனைக் கேட்டா கிழித்தார்கள்? கருவி அந்தக் கோட்டைக் காட்டும். கோட்டுக்கு இப்பால் மீன் ஏன் குறைந்தது என்பதைக் காட்டுமா? அப்பால் உள்ள ஈழத் தமிழ் மீனவனின் வலை அறுந்தால் அவன் வயிறும் காயுமே, அதைக் காட்டுமா? அவற்றுக்கு விடை மேசையில் உட்கார்ந்து இரு கரை மீனவரும் பேசிக் காண வேண்டியது. கருவியைக் கொடுத்துக் கடமையைக் கைகழுவுவதை நாம் ஏற்கமாட்டோம்.

பெரியவர் சொன்னது

தேநீர்க் கடையிலிருந்து கோவளத்துக் கரைக்கு நடந்தோம். வலை பிரித்துக்கொண்டிருந்தார் ஒரு முதியவர். கருவியைப் பற்றிக் கேட்டோம்.

“எங்க அப்பாரு காலத்துல மகாபலிபுரம் விளக்கும் திருக்கழுக்குன்றத்து மலையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வரணும் தம்பி. இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு அடையாளம். ரெண்டும் கூடுற எடந்தான் பாரு. வாடைக்கு ஒரு கணக்கு, கச்சானுக்கு ஒரு கணக்கு. வண்ணி ஓடுதா, தெண்டி ஓடுதான்னு தண்ணியப் பார்த்தே சொல்லுவாங்க. இப்ப பையன் மிஷின்ல ஒரு புள்ளி வெச்சிருக்கான். நல்லதுதான், மூடுபனியிலயும் போறான். ஆனா மிஷின் நின்னுடுச்சின்னா அவனுக்குக் கரை எந்தப் பக்கம்னு தெரியணுமில்ல?”

பள்ளிக்கூடம் காணாத அந்தப் பெரியவர் சொன்னது என்ன? லாம்ப்டன் சங்கிலியோடு வருமுன்பே நம் கடலோரத்தான் இரண்டு கோடுகள் கூடும் இடத்தில் தன் இடத்தைக் கண்டறிந்தான் என்பதுதானே! பரங்கிமலையில் துரை செய்த கணக்கும், கட்டுமரத்தில் இவர் தந்தை செய்த கணக்கும் ஒரே இனம். துரையின் கணக்கு தாளில் ஏறிற்று, அரசாண்டது. இவருடைய கணக்கு தாளில் ஏறவில்லை. இவரோடு போய்விடும் நிலையில் நிற்கிறது.

ஆகவே தோழர்களே, ஒரு வேலையை உங்கள் முன் வைக்கிறோம். கேளம்பாக்கம், கோவளம், நெம்மேலி வட்டாரத்துப் படிப்பகங்களில் மாதம் ஒரு ஞாயிறு இதற்கென ஒதுக்குங்கள். கருவி வைத்திருப்பவர் கொண்டு வரட்டும். வாங்கப் போகிறவர் தொட்டுப் பார்க்கட்டும். சிறுசேரியில் வேலை செய்யும் தோழர் டிகிரியும் நிமிடமும் சொல்லிக்கொடுக்கட்டும். குப்பத்துப் பெரியவர் காற்றும் நீரோட்டமும் சொல்லிக்கொடுக்கட்டும். இரண்டையும் இளைஞர்கள் ஒரே ஏட்டில் எழுதட்டும். நான்கு படகுக்காரர் சேர்ந்து வாங்கினால் விலையும் பேசலாம், பழுதும் பார்க்கலாம். கடலோரக் காவற்படையின் அவசர எண் 1554 என்பதைப் படிப்பகத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

நம் கோவளத்துத் தோழர் மிதக்கும் கருவி ஒன்றும், தம்பிக்கு ஒரு காம்பஸும் வாங்குவதாக முடிவு செய்திருக்கிறார். முதற் சோதனைக்குப் பெரியவரையும் படகில் அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறோம். கருவி ஒரு திசையைச் சொல்லி, பெரியவர் இன்னொரு திசையைச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டார். படகை நிறுத்திவிட்டு, இரண்டு பேரிடமும் காரணம் கேள் என்றோம். கருவி காரணம் சொல்லாது. பெரியவர் சொல்வார். அதைக் கேட்டு, கணக்குப் போட்டுப் பார்த்து, தானே முடிவு செய்கிறவன்தான் பத்திரமாகக் கரை சேருவான்.